கோகிலாக்கா கேட்ட கவ்வாத்துக் கத்தி

இலங்கையில் கலவான பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில் ஜோன் அம்மாளின் சிலை ஒன்று இருக்கிறது. கட்டை முடி, இரும்புச் சட்டை, காற்சட்டை, கையில் வாள். வருஷா வருஷம் மே மாதத் திருநாளுக்குத் தங்கம்மாக்கா ஒரு சேலையைக் கொண்டுவந்து அந்த இரும்புக்கு மேலே சுற்றிவிடுவார்.

"பொம்பள சாமி களிசானோட நிக்கலாமா?" என்பார். யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அந்த அம்மாளின் கதை எங்களில் யாருக்கும் தெரியாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதல் பட்டதாரி நான். வரலாறு படித்துவிட்டு வந்த பிறகுதான் சொல்ல முடிந்தது. பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டே எங்கள் லயத்துக் கோகிலாக்கா கேட்டார்.

பிரான்சு நாட்டு விவசாயி மகள், எழுத்து தெரியாதவள், பதினேழு வயதில் படையோடு போய் ஜெயித்தவள், கடைசியில் உயிரோடு எரிக்கப்பட்டவள் என்றேன்.

"அப்புறம் ஏன் தம்பி எரிச்சாங்க?"

"எத்தனையோ குத்தம் சொன்னாங்க. ஆம்பள உடுப்புப் போட்டதும் ஒண்ணு."

"சண்டையில ஜெயிக்கிறப்போ அது யாரு கண்ணுக்கும் தெரியலையாக்கும்!" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

அக்காவின் கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. மகள் அனுஷியா முதலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து, பூட்டிய கதவின் முன்னால் ஐந்து மணிவரை குந்தியிருப்பாள். அக்காவோடு கொழுந்து எடுக்கிற பெண்கள் அப்போதுதான் திரும்புவார்கள். தேயிலைச் செடி புதிதாய்த் துளிர்க்கக் கிளைகளை நறுக்கிக் கவ்வாத்து வெட்டுகிற ஆண்களோ, தங்களுக்கு ஒதுக்கிய நிரையை முடித்துவிட்டால் ஒரு மணிக்கே வீட்டில்.

அக்கா போய்க் கவ்வாத்துக் கத்தி கேட்டார். காத்தமுத்து கங்காணி சிரித்தார். "இது கறி வெட்டுற வேலையில்ல கோகிலா."

"அதையும் ஒரு நா வெட்டிப் பாருங்க கங்காணி, தெரியும்."

ஆள் பற்றாக்குறை. கங்காணி சரிவான பக்கத்தில் ஒரு நிரையைக் கொடுத்தார். வெட்டிய குச்சிகளில் பாவாடை மாட்டிக் கிழிந்ததால், மறுநாள் கணவரின் காற்சட்டையோடு வந்தார் அக்கா. முதல் நாள் முடிக்க நாலு மணி ஆனது. மூன்றாம் வாரம், ஒன்றேகாலுக்கு வீட்டில் இருந்தார். அந்த வாரம் அனுஷியா கதவில் குந்தவில்லை.

அதற்குள் சில ஆண்கள், பொம்பளைக்கு இந்த வேலை ஆகாது என்று ஆபீசுக்குப் போய் முறையிட்டுவிட்டார்கள். ஆபீசில் அக்காவைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் எழுதிய ஒரு தாளை நீட்டினார்கள். அக்கா சிங்களம் மழை மாதிரிப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. "சும்மா ஒரு சைன்தான்" என்றார் கங்காணி. அக்கா வைத்துவிட்டார். ஆனாலும் மனசு கேட்காமல் போனில் படம் பிடித்துவந்து என்னிடம் காட்டினார்.

வாசித்தேன். "கவ்வாத்து எனக்கு இயலாது. என் விருப்பத்தின்படி கொழுந்துக்கே திரும்புகிறேன். வேலைக்குக் காற்சட்டை அணிய மாட்டேன்."

அக்கா கோயில் பக்கம் திரும்பினார்.

"அந்தப் புள்ளையும் இப்பிடி ஒரு தாள்ல சைன் வச்சிச்சா தம்பி?"

"வச்சாக்கா. பயத்துல. நாலஞ்சு நாள்ல அது பொய்யின்னு சொல்லிட்டா. பழைய உடுப்பத் திரும்பப் போட்டுக்கிட்டா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. மிச்சக் கதைதான் தெரியுமே.

மறுநாள் காலைப் பெரட்டில் எல்லாரும் வேலைக்குப் பிரிய நின்றபோது, அக்கா காற்சட்டையோடு வந்து நின்றார். தோட்டத்து உதவி மேனேஜர் சின்னதொரையிடம் சிங்களத்திலேயே பேசினார்.

"மாத்தயா, நேத்து வாசிக்காம சைன் வச்சேன். அது என் பேச்சில்ல. எனக்கு இயலுமா இயலாதான்னு நான் வெட்டின செடியப் பாத்துச் சொல்லுங்க."

சின்னதொரை சரிவில் ஏறிப் போனார். வெட்டெல்லாம் தண்ணீர் தேங்காதபடி சாய்வாக இருந்தது. பட்டை எங்கும் கிழியவில்லை. "துளிர் வரட்டும், பார்ப்போம்" என்று இறங்கிவிட்டார்.

அதுவரைக்கும் அக்காவுக்குக் கொழுந்துதான். அனுஷியா மறுபடி கதவில். "எப்பம்மா துளிரும்?" என்று தினமும் கேட்பாள்.

இரண்டு மாதத்தில் மலை முழுக்கத் துளிர்த்தது. எது கோகிலா வெட்டிய நிரை என்று சின்னதொரை கேட்டபோது, காத்தமுத்து கங்காணி அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, வித்தியாசம் தெரியாமல் தவறான நிரையைக் காட்டினார். அக்காவின் தாளைக் கிழித்துப் போட்டு, கத்தியைத் திரும்பக் கொடுத்தார்கள். ஜோன் மீதான தீர்ப்பை மாற்ற இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் அவள் சாம்பல்.

இந்த மே மாதம் தங்கம்மாக்கா வழக்கம்போலச் சேலையோடு வந்தார். கோகிலாக்கா கவ்வாத்து முடித்து, அதே காற்சட்டையோடு, மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு கோயில் வாசலைக் கடந்தார். தங்கம்மாக்கா அவரையும் பார்த்தார், சிலையையும் பார்த்தார்.

"இந்த வெக்கைக்கு அதுக்கும் புழுங்கும்" என்று சேலையை மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.