தலைப்பில் அடங்காத இரண்டு சொற்கள்

போன வாரம் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. டோட்முண்டில் இருக்கும் மச்சான் அனுப்பியது. அவருக்கு வேறு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். மஞ்சள் எழுத்தில் ‘அமெரிக்க பேஸ்போல் அணிக்குத் தெரிவான முதல் தமிழன்’ என்று போட்டு, கீழே மூன்று நெருப்புச் சின்னங்கள். நடுவில் மட்டையோடு சிரிக்கும் ஓர் இளைஞன். இரண்டு விரலால் இழுத்துப் படத்தைப் பெரிதாக்கினேன். சட்டையில் இருந்த பெயர் அமெரிக்காவின் முப்பது பெரிய அணிகளில் ஒன்றினதும் அல்ல. ஏதோ ஒரு சிற்றூரின் கோடைக்கால அணி. விடுமுறையில் இருக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் சம்பளம் இல்லாமல் விளையாடும் அணி. அத்தோடு, எனக்கு வந்து சேர்ந்த முதல் தமிழன்களில் இவர் மூன்றாவது ஆள்.

மச்சானுக்கு விளக்கமாக ஒரு பதில் அடித்தேன். அனுப்புவதற்கு முதல் அழித்துவிட்டேன். இந்த வகைச் செய்தியைக் கண்டு எரிச்சல்படும் தகுதி எனக்கு இருக்கிறதா என்ற கேள்வி இடையில் வந்துவிட்டது.

எரிச்சல் என்னவோ எனக்குப் பழகியதுதான். ஜெர்மனியில் இருந்துகொண்டு பேஸ்போல் பார்க்கும் தமிழனுக்கு வேறு எந்த மனநிலையும் கட்டுப்படியாகாது. பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் உதைபந்தாட்டம் பேச வருவார், எங்கள் ஆட்கள் கிரிக்கெட் பேச வருவார்கள், நான் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு உள்ளே போவேன். ஆட்டத்தைக்கூடப் பொறுக்கலாம். அந்த ட்ராஃப்ட் இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடிவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை முப்பது அணிகளும் வரிசையாக நின்று, பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் விளையாடும் பையன்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி எடுக்கும் சடங்கு அது. அதற்கு முன்னே மாதக்கணக்காகப் பட்டியல்கள் வரும். யார் முதலாவது, யார் நாற்பதாவது, யார் ஒரே வாரத்தில் நாற்பதில் இருந்து நூற்றிச் சொச்சத்துக்கு விழுந்தான். கழுத்துப்பட்டி கட்டிய பெரியவர்கள் பத்தொன்பது வயதுப் பையனின் தோளைப் பார்த்து, இன்னும் சதை பிடிக்க இடமிருக்கிறது என்பார்கள். கிடாய் வாங்கப் போகிறவர்களும் இப்படித்தான் பேசுவார்கள், ஆனால் அவர்கள் கிடாயின் தாயைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசுவதில்லை. ஐந்து வருடத்துக்கு முந்திய பட்டியலை எடுத்து, சொன்னது எத்தனை, நடந்தது எத்தனை என்று சரிபார்ப்பவரையும் நான் கண்டதில்லை.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில். அருகில் அமெரிக்கப் படைமுகாம் இருந்தது. சமையல்காரர் வானொலியை அந்தப் படையினரின் அலைவரிசையில் வைத்துவிட்டு, குமிழைத் தொடக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தார். மாலை நேரங்களில் அதில் பேஸ்போல் வர்ணனை போகும். கழுவும் இயந்திரத்தைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் அந்தச் சவர்க்கார ஆவி இப்போது எங்கே மணத்தாலும், எனக்குக் காதில் யாரோ ஒருவன் மூன்றாவது தளத்தை நோக்கி ஓடிக்கொண்டிருப்பான். மருத்துவரிடம் எங்கே நோகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாத காலத்தில், ஒன்பதாவது சுற்றின் கீழ்ப்பாதியில் இருவர் ஆட்டமிழந்துவிட்டார்கள் என்று எனக்குச் சரளமாகச் சொல்ல வரும். சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை.

பிறகு எசன் நகரத்துக்கு வந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் இரண்டு வருடம் ஒப்புநோக்குநராக இருந்தவன் என்று தெரிந்ததும், இங்கே மாதம் ஒருமுறை வந்த தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பகலில் பண்டகசாலை வேலை, சனி ஞாயிறு பத்திரிகை. அலுவலகம் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல் மாடியில். கீழே மிளகாய்த்தூள் வறுத்தால் மேலே ஆசிரியர் மணியண்ணை தும்மியபடியே தலையங்கம் எழுதுவார். மரண அறிவித்தல், பூப்புனித நீராட்டு விழா, ஊன்ட்றொப் கோயில் தேர், இவற்றுக்கு நடுவில் அரைப் பக்கம் விளையாட்டு. அந்த அரைப் பக்கம் என்னுடையது. அதில் பேஸ்போல் போடக்கூடாது என்று மணியண்ணை முதல் நாளே சொல்லிவிட்டார். “தம்பி, உதை ஆர் வாசிக்கிறது? நீங்கள் எழுதி நீங்களே வாசிக்கவோ?”

அந்தத் தடையை நீக்கியது நிரோஜன். சிவம் அண்ணையின் மகன். சிவம் அண்ணை பாண் சுடும் தொழிற்சாலையில் காலைமுறை வேலை செய்பவர். பையன் பத்து வயதில் பள்ளித் தோழனோடு ஒரு பேஸ்போல் கழகத்துக்குப் போனவன், திரும்பி வரவில்லை என்றே சொல்லலாம். இடது கைக்காரன். பாலர் பள்ளியில் இருந்தே தாய் அந்தக் கையோடு போராடி, சாப்பிடுவதையும் எழுதுவதையும் வலது கைக்கு மாற்றிவிட்டார். எறிவதை அவரால் மாற்ற முடியவில்லை. இடக்கை எறிவீரன் என்றால் அந்த விளையாட்டில் எவ்வளவு கிராக்கி என்று நான் சொன்னபோது, நான் அக்கா என்று கூப்பிடும் அந்தத் தாய் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். “அப்ப மற்றதுகளையும் அந்தக் கையாலயே விட்டிருக்கலாமே.”

சிவம் அண்ணைக்குத் தெரிந்த ஜெர்மனி, ஆன்ட்ராக் என்ற ஒரு சொல்லில் அடங்கியது. விண்ணப்பம் கொடுத்தால் கிடைக்கும், கொடுக்காவிட்டால் கிடைக்காது. வதிவிடம், வீடு, பிள்ளைக்காசு, குடியுரிமை, எல்லாம் அவருக்கு அப்படித்தான் வந்தன. ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் இங்கே இரண்டு ஜெர்மன் பையன்களைப் பார்க்க வந்தபோது, சிவம் அண்ணை வேலைச் சீருடையோடு மைதானத்துக்குப் போய், ஓர்ட்னர் என்ற கனத்த கோப்பு ஒன்றை நீட்டினார். பிறப்புச் சான்றிதழ், அதன் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு, எல்லா வகுப்புத் தேர்ச்சி அறிக்கை, தடுப்பூசி அட்டை, கோயில் நிர்வாகத்தின் நற்சான்று. நான் வெட்கத்தில் அப்பால் திரும்பி நின்றேன். வந்தவர் எறிவேகம் அளக்கும் கருவியைப் புல்லில் வைத்துவிட்டு அந்தக் கோப்பு முழுவதையும் புரட்டினார். பையன் எறிவதையும் பார்த்தார். ஜெர்மன் பையன்கள் இருவரிடமும் தேர்ச்சி அறிக்கை கைவசம் இல்லை. நிரோஜனுக்கு இடம் கிடைத்தது.

“பாத்தியளே தம்பி?” என்றார் சிவம் அண்ணை. அதற்குப் பிறகு அவருக்கு ட்ராஃப்டை விளக்குவது என் வாழ்க்கையின் மிகப் பெரிய தோல்விகளில் ஒன்றாயிற்று.

“அதுக்கு விண்ணப்பம் எங்க குடுக்கிறது?”

“குடுக்கிறேல்லை அண்ணை. அவங்களாத்தான் பேர் சொல்லி எடுப்பாங்கள்.”

“விண்ணப்பம் குடுக்காமல் எங்கட பெடியன்ர பேர் அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

தெரிய வைக்கத்தான் கோடைக்கால அணிகள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் அலுமினிய மட்டை. கோடையில் மர மட்டை. மரத்தில் பந்து பட்டால்தான் யார் உண்மையாக அடிக்கிறான், யார் உண்மையாக எறிகிறான் என்று தெரியும். அதனால் பெரிய அணிகளின் ஆட்கள் சிற்றூர்களுக்கு வந்து, மரப் பலகைகளில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். பையன்கள் அந்த ஊர்க் குடும்பங்களின் வீடுகளில் தங்குவார்கள், காலையில் மைதானத்துப் புல் வெட்டுவார்கள், மாலையில் விளையாடுவார்கள். இரண்டாம் வருட முடிவில் நிரோஜனுக்கு அப்படி ஓர் அணியில் இடம் கிடைத்தது. அக்கா மட்டும்தான் சரியான கேள்வியைக் கேட்டார். “சம்பளமும் இல்லையாம். ஆற்றையோ வீட்டில சாப்பாடாம். இதென்ன வேலை?”

நான் செய்தி எழுதினேன். மணியண்ணையும் சம்மதித்தார், பையன் எசன் பையன் என்றபடியால். ‘அமெரிக்கக் கோடைக்கால மாணவர் அணிக்கு எசன் இளைஞன் தெரிவு’ என்பது நான் வைத்த தலைப்பு. நான்கு பத்தி அகலத்துக்குள் அது அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் பக்கம் அழுது வடிந்தது. அச்சகத்துக்கு அனுப்ப அரைமணி நேரம் இருந்தது. இரண்டு சொற்களைத் தூக்க வேண்டும். ‘கோடைக்கால’, ‘மாணவர்’ இரண்டையும் தூக்கினேன். கச்சிதமாகப் பொருந்தியது. உள்ளே எல்லாம் சரியாக எழுதியிருக்கிறோமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வருடம் பிழை பிடித்துச் சம்பளம் வாங்கியவன். எந்த இரண்டு சொற்களில் உண்மை இருந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

உள்ளே இருந்ததை யாரும் வாசிக்கவில்லை. தேர்த் திருவிழாவில் சிவம் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கோடிக்கணக்கில் சம்பளமாமே என்றார்கள். அவர் மறுத்தார் என்று சொல்ல எனக்கு ஆசை. சிரித்தார் என்பதே உண்மை.

அடுத்த வருடம் ஜூனில் ட்ராஃப்ட் வந்தது. மூன்றாம் வருட மாணவர்களை எடுக்கலாம் என்பது விதி. அப்போது நாற்பது சுற்று, மூன்று நாள். எங்களுக்கு நம்பிக்கை இருந்தது மூன்றாவது நாளில்தான், கடைசிச் சுற்றுகளில். ஒரு புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு சிவம் அண்ணை வீட்டு வரவேற்பறையில் பதினைந்து பேர் கூடினோம். மேசையில் கணினி. அதில் படமில்லை, குரல் மட்டும். அணி, பெயர், இடம், பள்ளி என்று மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டே போனது. அக்கா பற்றிஸ் தட்டோடு வந்து வந்து போனார். ‘இடக்கை எறிவீரன்’ என்பதற்கான ஆங்கிலத்தை நான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். அது கேட்கும்போதெல்லாம் அறை மெல்லுவதை நிறுத்தும். வேறு பெயர் வரும். மீண்டும் மெல்லும்.

இருபத்தைந்தாம் சுற்றில் இரண்டு குடும்பம் காலைவேலை என்று எழும்பியது. முப்பத்தைந்தில் அக்கா சமையலறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. முப்பத்தொன்பதில் ஓர் அணி தன் அதிகாரி ஒருவரின் மகனை எடுத்தது. மரியாதைக்காக அப்படி எடுப்பதுண்டு. அதை நான் விளக்கவில்லை. நாற்பதும் முடிந்தது. குரல் நன்றி சொல்லிவிட்டு நின்றது.

சிவம் அண்ணை என்னைப் பார்த்தார். “தம்பி, எடுத்திட்டாங்கள் எண்டு நீங்கள்தானே எழுதினீங்கள்?”

எல்லோரும் போனபின் சொன்னேன். அது வேறு அணி அண்ணை, தலைப்பில் பிழை, பிழை என்னுடையது. இதுவரை அவனை யாரும் எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. நான்காவது வருடம் இருக்கிறது, அடுத்த ஜூனில் திரும்பவும் பெயர் வாசிப்பார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எனக்கு விளங்குது. சனத்துக்கு? எடுத்தவங்கள் ஏன் விட்டவங்கள், பெடியன் அங்க என்ன பிழை செய்தவன் எண்டு கேக்கப்போகினம். நான் சொன்னால் ஆர் நம்புவினம்? பேப்பரில போடுங்கோ. போட்டியள் எண்டால் அவன் அங்க நிண்டு படிக்கட்டும். இல்லாட்டி வரச் சொல்லிப்போடுவன்.”

அடுத்த சனிக்கிழமை நான்கு வரியில் திருத்தம் எழுதி மணியண்ணையின் மேசையில் வைத்தேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“திருத்தமோ? போன வருசம் மரண அறிவித்தலில ஆளை மாத்திப் போட்டதுக்கே நாங்கள் திருத்தம் போடேல்லை. இதைப் போட்டால் மற்றதையும் கேப்பினம்.”

நான் வேலையை விட்டிருக்கலாம். அச்சகத்துக்குப் போகும் பக்கத்தில் நானே அந்த நான்கு வரியைச் செருகியிருக்கலாம்; பக்கம் என் கையால்தான் போனது. அந்த மாதம் விளையாட்டுப் பக்கத்தில் வழமைபோல் கிரிக்கெட் போட்டேன். மணியண்ணை மேல் எனக்கு இருந்த கோபம் உண்மையானது, வசதியானதும்கூட.

ஓகஸ்டில் நிரோஜன் படிப்பை விட்டுத் திரும்பி வந்தான். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் ஆவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி இடம், கிடைத்தது. இப்போது அங்கேயே வேலை, நல்ல வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ஊன்ட்றொப் தேரன்று கால்வாய்க் கரையில் கண்டேன். மஞ்சள் அங்கி போட்டுக் கார்களை நிறுத்த வழிகாட்டிக்கொண்டிருந்தான், இடது கையால். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, காரை அவன் பக்கத்தில் நிறுத்தி, கேட்க வேண்டியதைக் கேட்டேன். அந்தத் தலைப்புப் பிழை என்று அவனுக்கு அப்போதே தெரியுமா?

“ஓம் மாமா. அம்மா ஸ்கேன் பண்ணி அனுப்பினவ, அண்டைக்கே தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“அப்பா தொழிற்சாலையில எல்லாருக்கும் கேக் வாங்கிக் குடுத்திட்டாராம். பிறகு எப்பிடிச் சொல்லுறது?” ஒரு காரை மறித்து இன்னொன்றை விட்டான். “நான் அடுத்த வருசமும் எறிஞ்சிருப்பன் மாமா. எடுத்திருக்க மாட்டாங்கள். ஆனால் எறிஞ்சிருப்பன்.”

மன்னிப்புக் கேட்டேன். “விடுங்கோ மாமா, காரை அங்கால எடுங்கோ, பஸ் வருது” என்றான்.

அந்தக் கடைசிச் சுற்றுகளும் இப்போது இல்லை. நாற்பது சுற்றை ஒரு வருடம் ஐந்தாகச் சுருக்கினார்கள், பிறகு இருபதோடு நிறுத்திவிட்டார்கள். ஜூனில் நடந்தது ஜூலைக்குப் போய்விட்டது. மூச்சு விடாமல் வாசித்த அந்தக் குரல் நின்ற இடத்தில் இசையும் வெளிச்சமும் கழுத்துப்பட்டிகளும் வந்திருக்கின்றன. நிரோஜன் புல் வெட்டிய ஊரில் கோடைக்கால அணி கலைந்துவிட்டதாக இணையத்தில் பார்த்தேன். மணியண்ணை போய்விட்டார். அவருக்கு முன்பே பத்திரிகை நின்றுவிட்டது. மாடி அறையில் இப்போது ஒரு பல் வைத்தியர் இருக்கிறார். போன வாரம் மச்சான் அனுப்பிய படம் வந்த அன்று, அந்த நான்கு வரியையும் மனதில் எழுதிப் பார்த்தேன், ஒரு சொல் மாறாமல் வந்தது. சிவம் அண்ணை கேட்டபடி அதைப் பேப்பரில் போடுவதற்குத்தான் இப்போது பேப்பர் இல்லை.