அக்கா கழற்றாத ஹெட்போன்

என் அக்காவின் முகத்துக்கு நேரே நின்று, அவள் சாவுக்கு நாள் எண்ணிப் பேசியவன் நான்.

கணவன் இறந்தபின் மணவாளக்குறிச்சியிலிருந்து என் வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகள் இல்லை. பாட்டை அலறவிட்டுத்தான் கேட்பாள். கல்லூரியில் மின்னணுவியல் நடத்தியவன் என்பதால், வீட்டு ஆம்ப்ளிஃபயரில் ஹெட்போனுக்கு நானே வழி செய்தேன். பின்னைச் செருகினால் ஸ்பீக்கர் அடங்கிவிடும்; அதற்குப் போகும் சத்தம் இரண்டு ரெசிஸ்டர்களில் தணிந்து அவள் காதுக்கு மட்டும் போகும்.

அதன்பின் அவள் எதிரிலேயே மகனிடம் போனில் பேசுவேன்.

"கெழவி மூணு நேரமும் முழுங்குகா மக்கா. எப்போ போய்ச் சேருவாளோ!"

பேசிக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள்.

ஆடி மாதம் ஒருநாள், தூசி துடைக்க ஆம்ப்ளிஃபயரைத் திறந்தேன். அவள் வைத்த சத்தத்தைத் தாங்காமல் இரண்டு ரெசிஸ்டர்களும் கருகி, ஹெட்போனுக்குச் சத்தமே போகாதபடி கிடந்தன.

"எப்போ மொதல் பாட்டு கேக்கல்ல?"

"பொங்கலுக்கு முன்னயே நின்னுட்டு மக்கா."

"பெறவு எதுக்கு மாட்டிட்டு இருந்த?"

"கழத்தினா, நீ பேசுனதெல்லாம் கேட்டேன்னு தெரிஞ்சிரும்லா? பெறவு நான் எங்க போவேன்?"

காலைப் பிடித்து அழுதேன். "எந்திலே, காப்பி ஆறுகு" என்றாள்.

ஹெட்போனைத் தூக்கி எறிந்தேன். ஸ்பீக்கரிலேயே வேண்டுமளவு சத்தமாகக் கேட்கச் சொன்னேன். மெதுவாகத்தான் வைக்கிறாள். என் போன் மணி அடித்தால் பாட்டை நிறுத்திவிட்டுக் கொல்லைப்புறம் போய்விடுகிறாள். மழை பெய்தாலும், நான் கூப்பிடும்வரை உள்ளே வருவதில்லை.