நாலாவது சிலிண்டரின் தட்டல்

எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கார் வாங்கிய முதல் ஆளும் நான்தான். அது மூன்று கை மாறி வந்த கார் என்பதை மட்டும் ஊரில் அம்மாவிடம் சொல்லவில்லை. வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை. மேடு ஏறும்போது உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல 'டொக் டொக்' என்றது. அப்படித்தான் டாக்டரின் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

டாக்டர் என்பது பட்டப்பெயர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். அதனால் வந்த பெயர். நான் போன நேரம் சரியில்லை. ஷெட்டில் அவரோடு வேலை பார்க்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, எகிறிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை கஸ்டமர் முன்னாடி என் மேல பழியப் போட்டீங்க, சொல்லிட்டேன் மாமா, இந்தப் பக்கமே வரமாட்டேன். பெரிய ஒர்க்‌ஷாப்ல என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

பின்னறையிலிருந்து டாக்டரின் மனைவி குரல் கொடுத்தார். "போடா, தாராளமா போ. இவரு முதுகு இருக்கிற இருப்புக்குக் குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல, வண்டிக்கு அடியில படுக்கப் போறாராக்கும். ரெண்டு பேருமா ஷெட்டப் பூட்டிச் சாவிய என்கிட்ட குடுங்க. நான் நிம்மதியாத் தூங்குறேன்."

மச்சான் முணுமுணுத்தபடி என் காரின் பானெட்டைத் திறந்தார். டாக்டர் என் காரை ஓடவிட்டு, ஸ்பார்க் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். இரண்டாவதைக் கழற்றியதும் தட்டல் அமுங்கியது.

"ரெண்டாவது சிலிண்டர். பிஸ்டனுக்குக் கீழ இருக்கிற ராடுல பேரிங் போயிருச்சு. எஞ்சினை இறக்கித்தான் ஆகணும் சார்."

இறக்கினார்கள். பிறை வடிவில் இரண்டு பாதிகளாக இருக்கும் அந்தப் பேரிங், தேய்ந்து செம்பு நிறம் காட்டியது. அந்த ராடு பிடித்துச் சுழற்றும் கிராங்க் தண்டும் கீறியிருந்தது. தண்டைக் கடைசலுக்குக் கொடுத்து, தண்டு மெலிந்த அளவுக்குத் தடித்த பேரிங்குகளை வாங்கினார்கள். மாட்டுவது மச்சான், அளப்பது டாக்டர். தண்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் நூல் ஒன்றை வைத்து, ராடின் கீழ்மூடியை இறுக்கி, திரும்பக் கழற்றி, நூல் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்ப்பார். அதிகம் நசுங்காமல் இருந்தால் இடைவெளி கூடுதல், எஞ்சின் தட்டும்.

எஞ்சினைத் திரும்ப ஏற்றிய அன்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். சாவியைத் திருப்பியதும் பூனைபோல ஓடியது. மச்சான் சிரித்தார். சூடேறட்டும் என்று விட்டோம். ஆயில் இளகியதும், எங்கோ அடியில், 'டொக்.'

மச்சானின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "நான் சரியாத்தான் மாட்டினேன்" என்றார், யாரும் கேட்காமலே.

டாக்டர் வயர்களைக் கழற்ற ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மாற்றமில்லை. நாலாவதைக் கழற்றியதும் சத்தம் செத்தது. வண்டியை அணைத்தார்.

"நாலாவது மூடிய அடியில இருந்து திற மச்சான்."

வண்டிக்கு அடியில் போல்ட் கழலும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வெகுநேரம் மச்சான் வெளியே வரவில்லை. டாக்டர் குனிய முடியாமல், கையை மட்டும் கீழே நீட்டினார். எண்ணெய் படிந்த பாதிப் பேரிங் ஒன்று அந்தக் கைக்கு வந்தது. பேரிங்கின் பின்பக்கத்தைத் துடைத்து, அதில் பொறித்திருந்த அளவு எண்ணை வெளிச்சத்தில் பார்த்தார். ராடில் இருந்த மேல்பாதி புது அளவு. மூடியில் இருந்த இந்தக் கீழ்பாதி, கடைசல் பிடிக்காத தண்டுக்கானது. பக்கத்தில் நின்ற இன்னொரு காருடையது.

மச்சான் எழுந்து வந்து நின்றார். "சொல்லுங்க மாமா. சார் முன்னாடிதானே? சொல்லிருங்க."

என் கார், என் காசு. கேட்க எனக்கு உரிமை இருந்தது. ஆனால் டாக்டரையே பார்த்தேன். இவர் ஒரு வார்த்தை தவறாகச் சொன்னால் மச்சான் போய்விடுவார்; ஷெட்டும் போய்விடும்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சார், தப்பு எங்க மேலதான். மூணு பேரிங் அளந்தேன். நாலாவதுக்கு வரும்போது நூல் தீந்துபோச்சு. மூணும் சரியா இருக்கு, இதுவும் இருக்கும்னு விட்டுட்டேன். நூல் வாங்க எழுந்து போகச் சோம்பேறித்தனம். அளந்திருந்தா அன்னைக்கே பிடிச்சிருப்பேன்."

பேரிங்கைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. 

"அது வேற வண்டி பேரிங் சார்" என்றார் மச்சான். "ரெண்டு வண்டிச் சாமானையும் ஒரே தட்டுல போட்டுக் கழுவினேன். மாத்தி மாட்டினது நான்தான்."

"அட, இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று டீயோடு வந்த டாக்டரின் மனைவி சொன்னார். "ஒரு தப்புக்கு ரெண்டு பேரு முந்துறீங்க. போன தடவ கேட்டப்ப ஒத்துக்க ஒருத்தர்கூட இல்ல."

கீறல் விழுந்திருக்கிறதா என்று தண்டைத் தடவிப் பார்த்தார்கள்; தப்பித்திருந்தது. மச்சான் தானே போய் நூல் வாங்கி வந்தார். சரியான பாதியை மாட்டி, நாலையும் முதலிலிருந்து அளந்தார்கள்.

டாக்டருக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. ஷெட்டை மச்சானோடு சேர்ந்துதான் நடத்துகிறார். பக்கத்து இடத்தையும் போன மாதம் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.