உயிரோடு இருக்கிறவருக்கு ஏற்றின மெழுகுதிரி

மரித்த ஆத்துமாக்களுக்கு மன்றாடுகிற நவம்பர் மாதத்தில்தான் எங்கள் பங்கு மண்டபத்தில் பழைய படங்களை வைத்தார்கள். வீட்டு அலுமாரிகளில் கிடந்ததைக் கேட்டு வாங்கி, பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். ஒரு சுவரில் கருவாடு காயப்போடுகிற பெண்கள், மடு மாதா கோயிலுக்குப் போகிற மாட்டுவண்டி, கலியாணங்கள். எதிர்ச் சுவரில் புயல். கூரை போன கோயில், பனை வடலிக்குள் கிடக்கிற வள்ளம். இந்தச் சுவரில் சிரிக்கிற பெண் அந்தச் சுவரில் தலைவிரிகோலமாய் நிற்கிறாள்.

நாங்கள் கொடுத்த படத்தில் என் மனுசனும் அவருடைய அண்ணரும் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே முகவெட்டு. அந்தப் புயலில் கடலுக்குப் போன அண்ணர் திரும்பவில்லை, உடலும் கரையேறவில்லை. அப்படிப் போனவர்களுக்குக் கல்லறை இல்லாதபடியால், படத்துக்கு முன்னால்தான் மெழுகுதிரி ஏற்றுவோம். ஏற்றினதை ஊதி அணைக்கிறதில்லை. தானாக எரிந்து முடியவேணும்.

வெள்ளாங்குளத்திலிருந்து வந்த மச்சாள், என் மனுசனுடைய அக்கா, முழந்தாளில் நின்று செபித்துவிட்டு மெழுகுதிரியைக் கொளுத்தி இடப்பக்கத்தவருக்குக் கீழே வைத்தா.

“மச்சாள், அது இவரெல்லே!”

“தூக்கி வளத்த எனக்குச் சொல்லித்தாறியோ?”

நகர்த்தப் போன கையைத் தட்டிவிட்டா. “எரியிறதை அசைக்காதை!”

அன்று பின்னேரம் இவர் கடலுக்குப் போகவேணும். அதற்குள் அவரே மண்டபத்துக்கு வந்துவிட்டார். படத்தைப் பார்த்தார், திரியைப் பார்த்தார், சிரித்தார்.

“செத்தாப் பிறகு எனக்கு ஏத்துவீங்களோ எண்டு ஒரு பயம் இருந்தது. இப்ப கண்ணாலை பாத்திட்டன்.”

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மச்சாள் கண்ணாடியைப் போட்டு, படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தா. “ஐயோ மாதாவே!” என்று தலையில் அடித்தா.

இவர் அவவின் கையைப் பிடித்தார். “அழாதேங்கோ அக்கா. நீங்கள் பிழையா வைக்கேல்லை. அண்டைக்கு வள்ளத்திலை போக இருந்தவன் நான். காய்ச்சலிலை கிடந்தன். அண்ணை என்ரை இடத்திலை ஏறினவர்.”

இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்த மனுசன் இதை எனக்குச் சொன்னதேயில்லை.

வெளியே வந்ததும் கெஞ்சினேன். “இண்டைக்கு மட்டும் போகாதேங்கோ.”

“இஞ்சேர், நான் கரையிலை நிண்டால் ஆரோ ஒருத்தன் என்ரை இடத்திலை ஏறுவான்.”

அவருடைய நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன்.

திரும்ப மண்டபத்துக்குப் போனேன். வாடைக் காற்று யன்னலால் வந்து சுடரைச் சாய்த்துச் சாய்த்து விட்டது. திரி கெதியாய் எரிந்து முடியவேணும் என்று மாதாவிடம் கேட்கிறதா, முடியக்கூடாது என்று கேட்கிறதா? செபமாலை கையில் இருந்தது, வாயில் ஒரு அருள்நிறை மந்திரமும் வரவில்லை.

விடிய வள்ளம் வந்தது. இவர் இறங்கினார். வலையில் ஒரு மீன்கூட இல்லை.

“காத்தே இல்லை. கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்குது,” என்றார். வாடை வீசுகிற அந்த மாதத்தில் கடல் அப்படிக் கிடக்கிறதில்லை.

மச்சாள் இன்னும் வெள்ளாங்குளம் போகவில்லை. பின்னேரமானால் நாங்கள் இரண்டு பேரும் கரையில் நிற்கிறோம். காய்ச்சலில் மேல் சுடுகிற நாளிலும் இவர் போகிறார். வள்ளத்தில் தன் இடத்தில் வேறு ஒருவரையும் இருக்க விடுகிறாரில்லை.