பெயர் மாற்றி எழுதிய அறிக்கை

சமூகப்பணி படிக்கிற மாணவர்கள் ஊர் ஊராகப் போய் எழுதிவரும் களப்பணி அறிக்கைகளை யாரும் இரண்டாம் முறை வாசிப்பதில்லை. மதிப்பெண் போட்டதும் மூட்டையாகக் கட்டி மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். மதுரையில் ஒரு கல்லூரியில் அப்படிக் கிடந்த மூட்டைகளைப் பிரித்துத் தூசி தட்டி, கரையான் தின்றது போக மிஞ்சியதை ஆண்டு வாரியாக அடுக்கி, ஓர் ஆவண அறையையே உண்டாக்கியவள் ஜெயக்கொடி. இந்தப் படிப்பு இங்கே எப்படி வளர்ந்தது என்று யார் கேட்டு வந்தாலும் அவளிடம்தான் அனுப்புவார்கள். பேரையூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் பருத்தி எடுத்த குடும்பம். அதில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் அவள். ஒரு தாளின் முனை மடங்கியிருந்தால்கூட நீவிவிட்டுத்தான் வைப்பாள்.

எண்பத்து நான்காம் வருஷம் கல்லூரி விழா வந்தது. "அலமாரியில பூட்டி வச்சா யாருக்கு என்ன பிரயோஜனம்? ஜனங்களுக்குக் காட்டும்மா" என்றார் முதல்வர் அனந்தராமன். ஜெயக்கொடிக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல அறிக்கைகளாகத் தேர்ந்தெடுத்து, சுருக்கி, பெரிய அட்டைகளில் தன் கையாலேயே எழுதினாள். அறிக்கையில் வருகிறவர்களின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது அந்தப் படிப்பின் முதல் பாடம். ஒவ்வொரு பெயரையும் மாற்றினாள். ஊர்ப் பெயரை எடுத்தாள். தெருவை எடுத்தாள். இரண்டு முறை சரிபார்த்தாள்.

ஆனால் அவள் பிறந்த பக்கம் ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் கேட்பது, எந்தக் கோயிலைக் கும்பிடுகிறவர்கள் என்பதைத்தான். அதைச் சொல்லாமல் ஒரு வீட்டைச் சொல்ல அவளுக்கு வராது. இருபது வருஷப் பழைய அறிக்கை ஒன்றை இப்படிச் சுருக்கினாள்: 'மடைக்கருப்பனைக் கும்பிடும் குடும்பத்தின் இரண்டாவது மருமகள், கணவன் கைவிட்டுப் போனதும் விஷம் குடித்தாள், கைக்குழந்தைக்கும் கொடுத்தாள்.' எழுதிவிட்டு, எழுத்து எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று தள்ளிநின்று பார்த்தாள்.

விழாவுக்குக் களப்பணி நடந்த ஊர்களிலிருந்தெல்லாம் வேன் வைத்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். பரவையிலிருந்தும் ஒரு வேன் வந்தது.

மறுநாள் காலை, பரவைச் சந்தையில் காய்கறி விற்கும் சின்னத்தாய் அறைக்குள் வந்தாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"தாயி, நீதான் அட்டையில எழுதுனவளா?"

"ஆமாக்கா."

"பரவையில மடைக்கருப்பனைக் கும்பிடுற வீடு ஒன்னே ஒன்னுதான். அதுல ரெண்டாவது மருமக நான். நீ பேர மாத்தி யாருக்கு மறைச்ச?"

ஜெயக்கொடி எழுந்து நின்றாள்.

"அந்தக் கைப்புள்ள முத்துத்தாயிக்கு இப்பக் கல்யாணம் பேசியிருக்கு. மாப்ளயோட மாமன் பேயாண்டி அட்டையப் படிச்சிட்டு வந்து தெருவுல நின்னு கேக்குறாரு. எம்புள்ள அந்நேரம் வீட்டுல இல்ல. அவளுக்கு எதுவும் தெரியாது. தெரியாமத்தான் இம்புட்டு நாளும் வளத்தேன். நீ வந்து அது வேற வீடுன்னு சொல்லு. உன் காலுல வேணாலும் விழுறேன்."

சொன்னதுபோலவே குனிந்தாள். ஜெயக்கொடி பதறிப்போய் அவளைத் தூக்கினாள்.

அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு முதல்வரிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம பேரே போடலியேம்மா. சட்டப்படி நம்ம மேல தப்பில்லே" என்றார். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. சின்னத்தாயுடன் பரவைக்குப் பஸ் ஏறினாள். வழியெல்லாம் சொல்லவேண்டிய பொய்யை மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். விளாங்குடி தாண்டும்போது பொய் நன்றாகவே வந்தது.

பேயாண்டி கேட்டுக்கொண்டார். மீசையைத் தடவினார்.

"பாடத்துக்காகக் கட்டுன கதைங்கிறீக. சரி. படிச்ச புள்ள பொய்யா சொல்லப்போவுது? அந்த மடைக்கருப்பன் கோயில்ல சூடம் ஏத்தி, கையால அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டுப் போங்க. நாளைக்கே வெத்தல பாக்கு மாத்திக்கிறோம்."

கூடநின்ற ஒருவர் சிரித்தார். "கருப்பனுக்கு இங்கிலீசு தெரியாதுண்ணே, தமிழ்லயே சொல்லச் சொல்லு."

கண்மாய் மடைக்குப் பக்கத்தில் கோயில். கூரை கிடையாது, அரிவாளும் கல்லும்தான். கூட்டத்தைப் பார்த்து முத்துத்தாயும் வந்து ஓரமாக நின்றாள். ஒல்லியான பெண். யாரைப் பற்றிய பேச்சு என்று புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த ஜெயக்கொடிக்குத் தயக்கம் போய்விட்டது. தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று எரிகிற சூடத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

சின்னத்தாய் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம் தாயி. பொய்ச் சத்தியம் உன்னய ஒன்னும் செய்யாது. இது எங்க சாமி. எம்புள்ளையத்தான் காவு கேக்கும்." பேயாண்டியின் பக்கம் திரும்பினாள். "நான்தாண்ணே. நான்தான் குடுத்தேன்."

சூடம் தானாக எரிந்து அடங்கியது. பேயாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். "நல்லவேளை, சாமி காப்பாத்துச்சு" என்றார். யாரை என்று சொல்லவில்லை. அவரோடு வந்தவர்களும் கண்மாய்க் கரையேறிப் போய்விட்டார்கள். கல்யாணப் பேச்சு அங்கேயே முறிந்துபோயிற்று.

முத்துத்தாய் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"எனக்கா குடுத்த?"

சின்னத்தாய் சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். பெண் அவளை விட்டு ஜெயக்கொடியிடம் வந்தாள்.

"நீங்க முழுசாப் படிச்சீகளா? அப்புறம் நான் எப்படிப் பொழைச்சேன்?"

அட்டையில் இடம் போதாமல் ஜெயக்கொடி விட்டுவிட்ட பக்கங்கள் அவை. சாகப் படுத்தவள், குழந்தை துவள்வதைக் கண்டதும் எழுந்துவிட்டாள். வாந்தியெடுத்துக்கொண்டே குழந்தையைத் தோளில் போட்டுத் திண்டுக்கல் ரோட்டில் ஓடினாள். எதிரே வந்த லாரிக்கு முன்னால் போய் விழுந்து அதை நிறுத்தினாள். ஆஸ்பத்திரியில் 'எனக்கு வேணாம், அதுக்குப் பாருங்க' என்று டாக்டரின் கையைத் தள்ளினாள். ஜெயக்கொடி ஒன்றையும் விடாமல் சொன்னாள். 

 "இத ஏன் அட்டையில எழுதல?" என்று முத்துத்தாய் கேட்டாள்.

 பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தாயைத் தொடாமல், கொஞ்சம் தள்ளி, அதே தரையில் உட்கார்ந்தாள்.