கைக்காசு போட்டு ஓர் ஏற்றுமதி

முப்பது வருஷம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திவிட்டு, இப்போது அட்டுவம்பட்டியில் தனியாக உட்கார்ந்து யாரும் கேட்காத ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பிடியில் சிக்கிய நாடுகள் எப்படி வியாபாரம் செய்தன என்பதுதான் விஷயம். பேச ஆளில்லாமல் பால் போடுகிறவரிடம் ஒரு நாள் ஆரம்பித்தேன். மறுநாளிலிருந்து அவர் பாக்கெட்டை கேட்டிலேயே தொங்கவிட்டுப் போய்விடுகிறார்.

அந்த நாடுகளில் விளைந்தது ஜெர்மனிக்குப் போகும். விலை ஜெர்மன்காரன் வைத்ததுதான். அதையும் கணக்கில் எழுதிக்கொள்வானே தவிர, பணத்தைக் கண்ணில் காட்டமாட்டான். அனுப்புகிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்று, சில நாடுகளில் உள்ளூர் அரசே தன் கஜானாவிலிருந்து ஏற்றுமதி மானியம் கொடுத்தது. அனுப்புவது நின்றால் எல்லாமே நின்றுவிடும் என்று காரணம் சொன்னார்கள். படித்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நோட்டில் ‘மடத்தனம்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

நானும் மாதாமாதம் ஏற்றுமதி செய்கிறவள்தான். பக்கத்து மலையூரான பெரும்பாறையில் வாங்கும் காப்பித்தூளும் மிளகும், கனடாவிலிருக்கும் மகளுக்கு. சரக்கைவிடக் கூரியர் செலவு அதிகம். பார்சல் கிடைத்ததும் கூப்பிடுவாள். மற்ற நாளில் நான் கூப்பிட்டால், ‘அப்புறம் பேசறேன்’ என்று ஒரு வரி வரும்.

இரண்டு மாதமாக அந்த அழைப்பும் இல்லை. கேட்டதற்கு, “டெலிவரி ஆனா ஒனக்கே மெசேஜ் வருமேம்மா, நான் வேற எதுக்குச் சொல்லணும்?” என்றாள்.

“எனக்கு ஒண்ணும் வர்றதில்ல. நீதான் சொல்லணும்” என்று பொய் சொன்னேன். பெற்ற மகளிடம் இப்படி ஒரு பொய்யா என்று வெட்கமாக இருந்தது.

இந்த மாத டெலிவரி மெசேஜ் ஒரு திங்கட்கிழமை ராத்திரி வந்தது. குளிக்கப் போகும்போதும் போனைக் கூடவே எடுத்துப் போனேன். செவ்வாயும் போயிற்று. புதன்கிழமை ராத்திரி அடித்தது.

“வந்துருச்சும்மா.”

“அப்படியா! நல்லவேளை” என்றேன், அப்போதுதான் கேள்விப்படுகிறவள் மாதிரி.

“போன தடவ அனுப்புனதே பிரிக்காம கெடக்கு. இங்க கடையிலயே எல்லாம் கெடைக்குது. இனிமே அனுப்பாதம்மா.”

“சரி” என்றேன். வைத்துவிட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நோட்டை எடுத்து ‘மடத்தனம்’ என்பதை அடித்துவிட்டு, ‘பயம்’ என்று எழுதினேன். மறுநாள் காலை, மிளகு வாங்கப் பெரும்பாறைக்கு பஸ் ஏறினேன்.