சொல்லாமல் சேர்த்த மடங்கு

காரில் யார் ஏறி உட்கார்ந்தாலும் அவர்களுடைய பெல்ட்டை ரவிசந்திரன் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். முதல் இழுப்பு மெதுவாக இருக்கும். இரண்டாவது வெடுக்கென்று வரும். வெடுக்கென்று இழுத்தால்தான் பெல்ட் பிடிக்கிறதா என்று தெரியுமாம். விருந்தாளிகள் சொந்தக் காரில் வந்திருந்தாலும் தப்ப முடியாது. ஜன்னலுக்குள் கையை விட்டு இழுத்துப் பார்த்த பிறகுதான் வழியனுப்புவார். சம்பந்தியம்மாள் விஷயத்தில் மட்டும் மரியாதை கருதித் தன் மனைவி பார்வதியை விட்டு இழுக்கச் சொல்வார். "மாட்டியிருக்கறது வேற, புடிக்கறது வேற சாமி" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வசனம்.

புணேயின் விஷ்ராந்த்வாடியில் அவர் குடியிருக்கும் சொசைட்டியின் கார் நிறுத்துமிடம் கேரம்போர்டு போலச் சமதளம். அங்கேயும் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு செங்கல் வைப்பார். வாட்ச்மேன் சலீம் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "சாப், இதர் டலான் கஹாங் ஹை?" என்று கேட்டார். இங்கே சரிவு ஏது என்பது கேள்வி. ரவிசந்திரன் தன் பொள்ளாச்சி இந்தியில், "ஆஜ் நஹீ ஹை" என்றார். இன்றைக்கு இல்லை. அதற்குப் பிறகு சலீம் அவருக்காக நல்ல செங்கல் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.

பாதுகாப்புத் துறையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் அவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே வேலை. மற்றவர்கள் பாலம் கட்டுவார்கள், பாராசூட் தைப்பார்கள். அது எங்கே முறியும், எங்கே அறுந்துபோகும் என்று இவர் உட்கார்ந்து யோசிப்பார். யோசித்ததைக் கணக்காக்கிக் கூட்டத்தில் எழுந்து சொல்லி, எல்லோருடைய சந்தோஷத்திலும் மண்ணைப் போடுவார். அவர் எழுந்தாலே சிலர் சமோசாவைக் கீழே வைத்துவிடுவார்களாம். பார்வதி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ரவிசந்திரனுக்கும் அதில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருளைப் போதுமான அளவுக்குச் சோதித்துப் பார்க்கவில்லை என்றால், கணக்கில் வரும் அபாயத்தை அப்படியே நம்பக் கூடாது. இன்னொரு மடங்கு சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்ததை வாய் திறந்து சொல்லிவிடவும் வேண்டும். இதில் பின்பாதியை மறந்த இளைஞர்களை ரவிசந்திரன் சும்மா விட்டதே இல்லை. "பயத்தைக் கூட்டறது தப்பில்லீங்க தம்பி. கூட்டினதைச் சொல்லாம உட்டா அது பொய்யி" என்று எல்லோர் முன்னாலும் உட்கார வைத்துவிடுவார். அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருவர் இன்றைக்கு அதே ஆய்வுக்கூடத்தில் பெரிய பதவியில் இருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் இந்த வசனத்தைத் திருப்பிச் சொல்லி நன்றி சொல்வார். அப்போதெல்லாம் ரவிசந்திரன் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வார்.

காரணம் இருக்கிறது. அவருக்கு ஒரே மகள், சுப்ரஜா. மருமகன் தேஜஸ் விமானப்படையில் இருந்தவன். புதிதாக வரும் விமானங்களை முதலில் ஓட்டிப் பார்த்த சோதனை விமானி. புணேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன் என்பதால் ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்தால் இந்தியில் போய் நிறுத்துவான். ஏழு வருடங்களுக்கு முன்பு, விண்வெளிக்குப் போகிறவர்களுக்கான தேர்வில் அவன் கடைசிச் சுற்று வரை வந்துவிட்டான். அந்தக் கட்டத்தில் மனைவியையும் கூப்பிட்டுச் சம்மதமா என்று கேட்டார்கள். சுப்ரஜா அப்போது மகள் வைஷுவை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள்.

கேட்டவர்களிடம் இரண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு நேரே அப்பாவிடம் வந்தாள். "உங்களுக்குத்தானப்பா இதெல்லாம் தெரியும். அவரைக் கேட்டா ஒண்ணும் ஆகாதுங்கறாரு. நீங்க எவ்வளவுன்னு சொல்லுங்க, நான் முடிவு பண்ணிக்கறேன்" என்றாள்.

ரவிசந்திரன் படிக்கக் கிடைத்ததையெல்லாம் படித்தார். பழைய நண்பர்களிடம் கேட்டார். ராக்கெட் மேலே ஏறும் நிமிடங்கள், திரும்பி வரும்போது காற்றோடு உரசித் தீயாய்ப் பழுக்கும் நேரம், கடைசியில் பாராசூட் விரிய வேண்டிய தருணம் என்று ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டுப் பார்த்தார். இருநூறு பயணத்துக்கு ஒன்று திரும்பாமல் போகலாம் என்று கணக்கு வந்தது. ஆள் இன்னும் ஏறிப் பார்க்காத வண்டி. ஆகவே வழக்கப்படி ஒரு மடங்கு சேர்த்தார். நூறுக்கு ஒன்று. அதோடு அவருடைய வேலை முடிந்திருக்க வேண்டும்.

மறுநாள் சுப்ரஜா வந்தாள். குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலாலேயே செருப்பைத் தள்ளிக் கழற்றினாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவரின் வாயில் வந்த எண் வேறு.

"அம்பதுக்கு ஒண்ணு கண்ணு."

அவளுக்குப் புரியவில்லையோ என்று நினைத்து விளக்கமும் சொன்னார். "இந்த சொசைட்டில அம்பது ஊடு இருக்குதுன்னு வெச்சுக்க. அதுல ஒரு ஊட்டு ஆளு சாயங்காலம் திரும்பி வரமாட்டாரு." சுப்ரஜா பால்கனியில் போய் நின்று எதிர்க் கட்டிடத்து ஜன்னல்களைப் பார்த்தாள். அப்போதுதான் ஒவ்வொரு வீட்டிலும் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். திரும்பி வந்தவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் தேர்வுக் குழுவிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே தேஜஸ் மாமனார் வீட்டுக்குப் பாக்கர்வடிப் பலகாரப் பொட்டலத்தோடு வந்து, "ச்சலோ மாமா, அது முடிஞ்சுது" என்றான். அடுத்த இரண்டு வருடத்தில் விமானப்படையையும் விட்டான். இப்போது விமான் நகரில் ஒரு தனியார் பயிற்சிக்கூடத்தில் புது விமானிகளுக்குப் பாடம் எடுக்கிறான். பயிற்சி விமானம் ஒரு பெரிய அறைக்குள் இருக்கிறது. குலுங்கும், சாயும், இன்ஜின் நின்றுபோனதாகச் சத்தம்கூடப் போடும். தரையை விட்டு மட்டும் போகாது. சம்பளம் நல்ல சம்பளம். சாயங்காலம் மகளோடு வீட்டுப்பாடக் கணக்குப் போட உட்கார்ந்துவிடுகிறான். குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

விஷ்ராந்த்வாடியில் போர் விமானம் தலைக்கு மேலே போகும்போது தெருவே பேச்சை நிறுத்திக்கொள்ளும். பேரம் பேசுகிறவர் வாயைத் திறந்தபடி காத்திருப்பார்; சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். எல்லோரும் ஒரு கணமாவது மேலே பார்ப்பார்கள். தேஜஸ் மட்டும் பார்ப்பதில்லை. தட்டில் இருப்பதைப் பார்ப்பான், இல்லையென்றால் செருப்பு வாரைச் சரிசெய்வான். முதலில் இதைக் கவனித்தவர் ரவிசந்திரன்தான். கவனித்த நாளிலிருந்து அந்தச் சத்தம் கேட்டாலே அவர் கண் முதலில் மருமகனிடம்தான் போகும்.

போன சனிக்கிழமை மகள் குடும்பம் சாப்பிட வந்திருந்தது. டிவியில் விஜய் வந்தான். தேஜஸோடு ஒன்றாகப் பயிற்சி பெற்றவன், கடைசிச் சுற்றில் பக்கத்தில் நின்றவன். இப்போது விண்வெளிக்குப் புறப்படப் போகும் குழுவில் இருக்கிறான். பேட்டியில் அவனுடைய மனைவியும் இருந்தாள். சிரித்துக்கொண்டுதான் பேசினாள், ஆனால் மடியில் கைகளை விரல் வெளுக்கப் பின்னி வைத்திருந்தாள்.

"இவளுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ. அம்பதுக்கு ஒண்ணுன்னு எடுத்துச் சொல்ல இவளுக்கு ஒரு அப்பா இல்ல போல" என்றாள் சுப்ரஜா.

தேஜஸ் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, தயிர் தீர்ந்துவிட்டது என்று அடுப்படிக்குப் போனான். தயிர் தீரவில்லை. விஜய் போகிற வண்டிக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் தான் சொன்னது சரியென்று ஆகிவிடும் என ஒரு நொடி ரவிசந்திரனின் மனம் போனது. அப்படிப் போனதே என்று அவர் வெட்கிப்போனார். டிவியில் அந்தப் பெண் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும், கரும்புச்சாறு வாங்கி வரலாம் என்று மருமகனைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். சாலையில் ஒரு ரிக்ஷா அவர்களை உரசிக்கொண்டு போனது. அவர் வழக்கமாகத் திட்டுவார், அன்றைக்குத் திட்டவில்லை.

"மாப்பிள்ளை, அன்னைக்கு நான் சுப்ரஜாகிட்ட ஒரு கணக்குச் சொன்னனுங்களே. அது அம்பது இல்லீங்க. தெரியாததுக்குன்னு ஒரு மடங்கு சேர்த்து நூறுன்னு வெச்சிருந்தேன். அவ வயித்தோட நின்னதைப் பார்த்தேன். இன்னொரு மடங்கு சேர்த்துப்போட்டேன். சேர்த்தேன்னு அவகிட்டச் சொல்லலீங்க."

தேஜஸ் நிற்கவில்லை. நடந்துகொண்டே, "மாலூம் ஹை, மாமா, தெரியும்" என்றான்.

ரவிசந்திரன்தான் நின்றுவிட்டார்.

"செலக்ஷன்ல எங்களுக்கும் நம்பர் சொல்லியிருந்தாங்க மாமா. அது கிட்டத்தட்ட உங்க நூறுதான். சுப்ரஜா வீட்டுக்கு வந்து அம்பதுன்னு சொன்னப்பவே புரிஞ்சுது, நீங்க எங்க டபுள் பண்ணியிருப்பீங்கன்னு."

"அப்ப ஏனுங்க ஒரு வார்த்தை கேக்கலை? எங்கூட சண்டை போட்டிருக்கலாமே."

"போட்டு? நீங்க நூறும்பீங்க. அவ சரின்னு சொல்லுவா. பயந்துக்கிட்டேதான் சொல்லுவா. ஒரு மாசமா அவ தூங்கலை மாமா. முடியாதுன்னு சொன்ன அன்னிக்குத்தான் தூங்கினா. அவளை எழுப்பி உங்க அப்பா தப்பாச் சொல்லிட்டார்னு எப்படிச் சொல்றது?"

"இன்னைக்கு நானே சொல்லிப்போடறேன். நம்ம ஊட்டுலயே வெச்சு."

"நக்கோ மாமா." வேண்டாம் என்ற இந்த மராத்திச் சொல் மட்டும் வேகமாக வந்தது. "அவ என்னைக் காப்பாத்தினதா நினைச்சுட்டு இருக்கா. நீங்க இப்பச் சொன்னா, என்னைத் தடுத்ததா ஆயிடும். அதைத் தூக்கிட்டு அவ எங்க போவா?"

கரும்புக்கடைக்காரன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். இஞ்சியும் எலுமிச்சையும் சேர்ந்த வாசனை வந்தது. ரவிசந்திரன் கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டார். "உங்களுக்கு வருத்தம் இருக்குதுங்களா?"

"இருக்கு" என்றான் தேஜஸ். பிறகு கடைக்காரனிடம் வைஷுவுக்கு வாங்குவதில் ஐஸ் வேண்டாம் என்று சொன்னான்.

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் மறைத்ததை வெளியே இழுத்துப் போட்ட மனிதருக்கு, தான் மறைத்ததைச் சொல்லவும் வழியில்லாமல் போய்விட்டது. கையில் சாற்றுப் பையோடு படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. பார்வதி என்னவென்று கேட்டதற்கு வெயில் என்றார்.

சாயங்காலம் கிளம்பும் நேரம். எல்லோரும் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கி வந்தார்கள். மருமகனின் காருக்கும் ரவிசந்திரன் செங்கல் வைத்திருந்தார். சலீம் வந்து அதை எடுத்துப்போட்டார். பின் இருக்கையில் வைஷு தானாகவே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். அவர் இரண்டு முறை இழுத்தார். சுப்ரஜா, "எனக்கு நல்லா வெடுக்குனு இழுங்கப்பா, அப்பத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும்" என்று சிரித்தாள். அவளுடையதையும் இழுத்துப் பார்த்தார்.

பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் வந்தார். தேஜஸ் எப்போதும் போலக் கண்ணாடியை இறக்கி, பெல்ட்டை மாட்டி, அவர் கை நுழைய இடம்விட்டுச் சற்றுப் பின்னால் சாய்ந்துகொண்டான். மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது. சலீமும் பார்வதியும் அண்ணாந்து பார்த்தார்கள். ரவிசந்திரனின் கை உள்ளே போய் பெல்ட்டைத் தொட்டது. அதை இழுக்கவில்லை. தோள் பக்கத்தில் முறுக்கிக்கொண்டிருந்ததை மட்டும் நீவிச் சரிசெய்துவிட்டு, கையை வெளியே எடுத்துக்கொண்டார்.